ஹோல் ரீவியில் வந்த வயிறு

டொக்டரை வீடியோவிலேயே பார்க்கலாம் என்று கிளினிக்கில் சொன்னபோது வீட்டில் ஆகச் சந்தோஷப்பட்டது நான்தான். சிசேரியன் காயத்தோடு இந்தப் பனிக்குள் கார் ஏறி இறங்கத் தேவையில்லை என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. டொக்டருக்கு முன்னால் உடுப்பைத் தூக்கத் தேவையில்லை என்பதுதான் என் நிம்மதி.

ஆனால் அவர் விடவில்லை. "காயத்தை ஒருக்கா கமராவிலை காட்டுங்கோ" என்றார். பக்கத்தில் குழந்தையோடு மாமி, திறந்த கதவுக்கு அப்பால் மாமா.

"ஒண்டுமில்லை டொக்டர், நல்லாக் காய்ஞ்சிட்டுது" என்று சிரித்தேன்.

காயம் கசிந்துகொண்டிருந்தது. உடம்பும் சுட்டது. டொக்டர் நம்பவில்லை போலும், ஒரு படமாவது எடுத்து அனுப்பச் சொன்னார். பாத்ரூமைப் பூட்டிக்கொண்டு, ஒரு கையால் வயிற்றைத் தூக்கிப் பிடித்து, மற்றக் கையால் போனில் படம் எடுத்து அனுப்பினேன். அத்தோடு கரைச்சல் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அன்று பின்னேரம் பக்கத்து ஊரான விட்பியிலிருந்து மாமியின் அக்கா குடும்பம் பிள்ளை பார்க்க வந்தது. துடக்கு வீடு, தீட்டு என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் ஹோலில் இருந்தார்கள். தன் தாய் தகப்பனான மாமியும் மாமாவும் குழந்தையைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும் என்று, எங்கள் போன்களில் எடுக்கிற படமெல்லாம் தானாகவே ரீவியில் ஓடும்படி என் கணவர் செய்து வைத்திருந்தார். பாத்ரூமுக்குள் நின்றபோது அது என் நினைவுக்கு வரவே இல்லை.

ரீவியில் மகள் கொட்டாவி விட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு மகளின் பாதம் வந்தது. அடுத்து என் வயிறு வந்தது. அவ்வளவு பெரிய ரீவியில், தையலும் சீழுமாக.

மாமியின் அக்கா புருஷன் நிமிர்ந்து சீலிங்கைப் பார்த்தார். என் கணவர் ரிமோட்டைத் தேடினார். அது சீலிங்கைப் பார்த்த மனிசனுக்குக் கீழே கிடந்தது. அவரை எழும்பச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. எனக்கோ நிலம் பிளந்து என்னை விழுங்கினால் போதும் என்றிருந்தது.

மாமிதான் எழும்பிப் போய் வயரைப் பிடுங்கினார். "உது சீழெல்லோ பிள்ளை? எனக்குப் பக்கத்திலை இருந்துகொண்டு ஒண்டுமில்லை எண்டெல்லோ சொன்னனீ!"

அந்த நேரம் பார்த்துக் கிளினிக்கிலிருந்து போன் வந்தது. படத்தைப் பார்த்த டொக்டர் உடனே எமெர்ஜென்சிக்குப் போகச் சொன்னார்.

குழந்தையை மாமியிடம் விட்டுவிட்டுக் காரில் ஏறினோம். காய்ச்சலா வெட்கமா தெரியவில்லை, முகம் கொதித்தது. இனி விட்பிப் பக்கமே தலைகாட்ட முடியாது என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நீர் எனக்கெண்டாலும் காட்டியிருக்கலாம்" என்றார் கணவர், காரை ஓட்டிக்கொண்டே.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குழந்தை பிறந்ததிலிருந்து அவருக்கும் நான் அந்தக் காயத்தைக் காட்டியதில்லை. வந்திருந்தவர்களோடு சேர்ந்து, அந்த ரீவியில்தான், என் புருஷனும் அதை முதல்முதலாகப் பார்த்திருக்கிறார்.