கிணற்றில் இறக்கிய தூண்டில்

2005இல் புது ஃபைபர் படகு வந்ததும் எனக்கும் மச்சானுக்கும் தலைகால் புரியவில்லை. வெயில் ஏறினால் வஞ்சிரம் ஆழத்துக்குப் போய்விடும். தூண்டிலை அங்கே இறக்க ஒரு கருவி வேண்டும் என்று அலைந்தோம். குயிலாப்பாளையத்தில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் தன்னிடமிருந்த இரண்டைக் கொடுத்து, இறக்கிப் பார்த்து, மனதுக்குப் பிடித்த ஒன்றை வாங்கிக்கொள்ளச் சொன்னார். ஒன்று கையால் சுற்றுவது, மற்றது பேட்டரியில் ஓடுவது. இரண்டிலும் கம்பியின் நுனியில் தேங்காய் அளவு ஈயக்குண்டு. அதன் பக்கத்திலேயே தூண்டிலை மாட்டி இறக்க வேண்டும்.

அன்று பார்த்துக் கடல் கொந்தளித்தது. சாயங்காலத்துக்குள் ஒன்றைத் திருப்பியாக வேண்டும்.

"கெணத்துல உட்டுப் பாப்போம் மாமா" என்றான் மச்சான்.

தெருவே கூடிவிட்டது. பேட்டரிக் கருவி உறுமிவிட்டுப் பாதியிலேயே நின்றது. கையால் சுற்றுவதோ சரசரவென்று அடிவரை போனது. திரும்பச் சுற்றினால் கனத்தது.

"மாமா, மாட்டிக்கிச்சு!" என்று குதித்தான்.

கிணற்றில் ஏது வஞ்சிரம்? தூண்டில் முள்ளில் பிடி மாட்டி மேலே வந்தது ஒரு பித்தளை வாளி. என் மனைவியின் வாளி! அது காணாமல் போனதும், பக்கத்து வீட்டு அக்காதான் எடுத்துவிட்டார் என்று இவள் சொல்லி, பொங்கலிலிருந்து அவரோடு பேச்சே கிடையாது. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, வாளியைப் பார்த்தார், என் மனைவியைப் பார்த்தார், கடைசியில் கையால் சுற்றும் கருவியைக் காட்டி என்னைப் பார்த்தார்.

"இத்தயே வாங்கிக்க தம்பி. உங்க வூட்ல இதாவது உண்மையச் சொல்லட்டும்."