குருபரப்பள்ளியில் நிற்காத வண்டி

அன்பர்களே, இன்று காலை வீட்டிலிருந்து புறப்பட்டது முதல் நீங்கள் யாரையெல்லாம் கடந்து வந்தீர்கள், நினைவிருக்கிறதா?

எங்கே நிறுத்துவது, எங்கே நிறுத்தாமல் போவது என்று தெரிந்துகொள்வதுதான் கம்பெனி பஸ் டிரைவரின் தொழில். நாற்கரச் சாலை போட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளில், கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு முதல் ஷிப்ட் ஆட்களை ஏற்றிச் சென்றேன். ஞாயிறுதோறும் எங்கள் சபையில் வேதபாடம் நடத்தியவனும் நானே. அன்பைப் பற்றி நன்றாகப் பேசுவேன் என்று பெயர். பேசத் தெரிந்தும் செய்ய முடியாமல் தவிக்கும் உங்களில் ஒருவனாகவே இவற்றை எழுதுகிறேன்.

துண்டு போட்ட இருக்கை

எங்கள் வண்டியில் நிரந்தரத் தொழிலாளர்கள் மட்டுமே ஏறலாம். ஒவ்வொருவருக்கும் ஓர் இருக்கை உண்டு. அவர் லீவு எடுத்த நாளில் பக்கத்து நண்பர் அதில் துண்டு போட்டு வைப்பார். ஆள் வராவிட்டாலும் துண்டு ஓசூர்வரை உட்கார்ந்து வரும்.

அதே கம்பெனியில், கான்ட்ராக்டர் மூலம் பேக்கிங் வேலை பார்த்தவர் முனியம்மா. குருபரப்பள்ளியில் நின்று தினமும் எங்கள் வண்டிக்குக் கை காட்டுவார். முதல் நாள் தெரியாமல் நிறுத்திவிட்டு, அவருடைய கான்ட்ராக்ட் அடையாள அட்டையைப் பார்த்ததும் இறக்கிவிட்டேன். மறுநாளும் கை காட்டினார், அதற்கு மறுநாளும். ஒரு மாலை கேட் அருகே கண்டபோது, ஏனம்மா வீணாகக் கை காட்டுகிறீர்கள் என்று கேட்டேன்.

"நிறுத்தமாட்டீங்கன்னு தெரியுங்கண்ணா. ஒரு நாள் மறந்துபோய் நிறுத்திட்டீங்கன்னா?"

கண்ணாடிக்கு மேல் ஒரு வசனம்

அயலாரை நேசிக்கச் சொல்லும் வசனம் ஒன்றை டிரைவர் கண்ணாடிக்கு மேல் ஒட்டியிருந்தேன். முன் இருக்கையில் வருபவர் மாரியப்பன். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர், கம்பெனியில் மெஷின் பிட்டர். கோயிலுக்கும் போகமாட்டார், சர்ச்சுக்கும் வரமாட்டார். முனியம்மாவின் உயர்ந்த கை பக்கக் கண்ணாடியில் சிறுத்துக்கொண்டே போவதை ஒரு நாள் நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். வண்டி முழுவதும் கேட்கும்படி கேட்டார்.

"அண்ணாச்சி, உங்க அன்பு எல்லா ஸ்டாப்பிங்லயும் நிக்குமா, இல்ல பாயிண்ட் டு பாயிண்டா?"

மெமோ

அந்தக் கேள்வி உறுத்தியதால், மழை பெய்த ஒரு காலையில் நிறுத்தி முனியம்மாவை ஏற்றிக்கொண்டேன். துண்டை எவரும் எடுக்கவில்லை. காலி இருக்கைக்குப் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்து நின்றபடி ஓசூர் வந்தார். இறங்கும்போது போக்குவரத்துப் பொறுப்பாளர் பார்த்துவிட்டார். என் கையில் மெமோவைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"அன்பு காட்டறதுன்னா உன் சொந்த வண்டியில காட்டுய்யா. இது கம்பெனி டீசல்."

குடை

அதன்பின் நான் நிறுத்தவில்லை. மனச்சாட்சியை உறங்கவைக்க, ஒரு மாலை முனியம்மாவிடம் புதுக் குடை ஒன்றைக் கொடுத்தேன். சாலை வேலையால் டவுன் பஸ் நேரத்துக்கு வருவதில்லை. ஐந்து நிமிடம் பிந்தினால் கான்ட்ராக்ட் ஆளைக் கேட்டிலேயே திருப்பி அனுப்புவார்கள். மூன்று முறை திரும்பினால் வேலை போய்விடும். முனியம்மா இரண்டு முறை திரும்பியிருந்தார். இவ்வளவும் எனக்குத் தெரியும்.

தாகத்தோடு வந்தவனுக்கு விசிறி கொடுத்து அனுப்பியவனைத் தெருவில் பைத்தியம் என்பார்கள். சபையில் அவனைக் கொடையாளி என்போம். நமக்கு வலிக்காததையே நாம் கொடுக்கிறோம். முனியம்மா குடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குடை வச்சிருக்கேங்கண்ணா. டைம்தான் இல்ல."

டைவர்ஷன்

மறுவாரம் ஒரு நாள் குருபரப்பள்ளியில் கை உயரவில்லை, யாரும் நிற்கவில்லை. மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது.

சூளகிரிக்கு முன்னால் டைவர்ஷனில் வண்டிகள் நின்றிருந்தன. தக்காளி டெம்போ ஒன்றின் பின்புறம் கயிற்றைப் பிடித்துத் தொற்றிக்கொண்டு போன முனியம்மா, டெம்போ பள்ளத்தில் இறங்கியபோது கீழே விழுந்திருந்தார். பின்னால் வந்த லாரி அவருடைய வலது காலில் ஏறிவிட்டது. நான் பிரேக்கை மிதித்தேன். ஆனால் என் கை கதவைத் திறக்கப் போகவில்லை. சட்டைப் பையில் மெமோ இருந்தது. "பஞ்ச் டைம் போகுது, எடுங்க!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

கதவைத் தள்ளித் திறந்து குதித்தவர் மாரியப்பன். காலி இருக்கையிலிருந்த துண்டை உருவிக்கொண்டுபோய் முனியம்மாவின் தொடையில் இறுகக் கட்டினார். இருவரைத் துணைக்கு அழைத்துத் தூக்கிவந்து, அந்த இருக்கையிலேயே கிடத்தினார். பிறகுதான் எனக்குக் கை கால் வந்தது. கம்பெனி கேட்டைக் கடந்து ஆஸ்பத்திரிக்கு விரட்டினேன். கண் செருகும் நேரத்தில், எந்த வண்டியில் இருக்கிறோம் என்று முனியம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னிக்கு டைமுக்குப் போயிருவமாண்ணா?"

நீண்ட ஜெபம்

வலது காலை முழங்காலுக்கு மேல் எடுத்துவிட்டார்கள். கான்ட்ராக்டர் வேறு ஆளைத் தேடினார். ரொட்டிப் பொட்டலமும் வேதாகமமுமாக நான் முனியம்மாவின் வீட்டுக்குப் போனேன். கட்டிலருகே முழங்காலிட்டு, கண்ணீரோடு நெடுநேரம் ஜெபித்தேன். முடியும்வரை அவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

"ஜெபம் நல்லா இருந்துதுங்கண்ணா. நாளையிலிருந்து என் வேலைக்கு எந்தங்கச்சி போறா. அதே எடத்துலதான் நிப்பா. நிறுத்துவீங்களா?"

மறுநாள்

நிறுத்தினேன். மாரியப்பன் எழுந்து, தம் இருக்கையையே காட்டினார். கேட்டில் இரண்டாவது மெமோ காத்திருந்தது. வாங்கி, வசனத்துக்குக் கீழே ஒட்டினேன். பார்த்துவிட்டு மாரியப்பன் சொன்னார்:

"இப்பத்தான் அண்ணாச்சி அந்த எழுத்து கண்ணுக்குத் தெரியுது."

பிரேக் எதற்கு என்று இந்த வேதபாட ஆசிரியன் கற்றுக்கொள்ள ஒரு கால் போக வேண்டியிருந்தது, அதுவும் அவன் கால் அல்ல. உங்கள் பாதையிலும் இந்நேரம் ஒரு கை உயர்ந்திருக்கிறது; அது யாருடையது என்பதும் உங்களுக்குத் தெரியும். ஞாயிறுவரை தள்ளிப்போடாதீர்கள். இன்றே, இதைப் படித்து முடித்த கையோடு எழுந்து போய், வண்டியை நிறுத்துங்கள்.