அக்காவின் விண்ணப்பத்தை ஸ்கிரிப்ட் நிரப்பிய அன்று

எங்கள் கடையில் இருந்த மூன்று கணினிகளிலும் முதலில் தேய்ந்து அழிந்த எழுத்து ஆங்கில 'டி'தான். திருநெல்வேலி, தமிழ்நாடு, தாய்மொழி தமிழ், தாலுகா, தச்சநல்லூர் என்று விண்ணப்பத்தில் பாதி அந்த எழுத்தில்தான் தொடங்கும். அதைத் தேய்த்தவள் என் அக்கா. டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள். கணினி விசைகளையும் பழைய டைப்ரைட்டரைப் போலவேதான் குத்துவாள். கீழே ஜவுளிக் கடையில் துணி எடுப்பவர்களுக்கே அந்தச் சத்தம் கேட்கும் என்று நான் கேலி செய்வேன்.

திருநெல்வேலி டவுணில் ரத வீதியை ஒட்டிய ஒரு மாடியில் இருந்தது கடை. வேலைக்கு, தேர்வுக்கு, கல்லூரிக்கு என்று ஆன்லைன் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்போம். அத்தான் தவறிய பிறகு அக்கா தச்சநல்லூரில் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்திருந்தாள். மூன்று வருஷம் என்னோடு டவுண் பஸ்ஸில் வந்து, ஜன்னலோரக் கணினியில் உட்கார்ந்து, ஊரார் பெயர்களையெல்லாம் அடித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு மணிக்கட்டு வலி வந்தபோதுதான் நான் யூசர் ஸ்கிரிப்ட் எழுதக் கற்றுக்கொண்டேன். பிரவுசருக்குள் உட்கார்ந்திருக்கும் சின்ன நிரல் அது. குறிப்பிட்ட பக்கம் திறந்ததும் தானே ஓடி, நாம் எக்செல்லில் எழுதி வைத்ததை எடுத்து, பெட்டி பெட்டியாக நிரப்பிவிடும். அக்காவின் வலிக்காகத்தான் எழுதினேன் என்று சொன்னால் நல்ல தம்பி என்று பெயர் கிடைக்கும். என் சோம்பேறித்தனத்துக்கும் அதில் சரிபாதி பங்கு உண்டு.

ஆனால் அந்த ஸ்கிரிப்டை வாழவைத்தது ராகுகாலம். எங்கள் ஊரில் விண்ணப்பத்தை எந்த நேரத்திலும் நிரப்பலாம். கடைசிப் பொத்தானை மட்டும் ராகுகாலத்தில் யாரும் அமுக்க மாட்டார்கள். "அண்ணாச்சி, எல்லாத்தையும் போட்டு வைங்க, நேரம் கழிஞ்சதும் பைய அமுக்கிக்கிடலாம்" என்பார்கள். அந்தப் பக்கங்களோ சும்மா விட்டால் கால் மணி நேரத்தில் நம்மை வெளியே தள்ளிவிடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஸ்கிரிப்ட் வந்ததும் அந்தத் தொல்லை போயிற்று. ராகுகாலம் முடியும்வரை எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். முடிந்ததும் ஒரு நொடியில் நிரப்பி, பொத்தானை அவரவர் கையாலேயே அமுக்கச் சொல்வேன். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அந்த வருஷம் ஒரு அரசுத் தேர்வு வந்தது. அக்காவுக்குப் பொது வயது வரம்பு எப்போதோ கடந்திருந்தது. ஆதரவற்ற விதவைகளுக்கு உள்ள சலுகையில் மட்டும் எழுதலாம், அதுவும் அந்த வருஷத்தோடு சரி. இந்த விவரம் எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. அம்மா "இப்படி ஆயிப்போச்சே" என்பாள், அவ்வளவுதான். சலுகைக்குச் சான்று வாங்கினாளா என்று அக்காவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளும் வந்தவர்களுக்கெல்லாம் நிரப்பிக்கொண்டே தன்னுடையதைத் தள்ளிப் போட்டாள்.

கடைசி நாள் செவ்வாய்க்கிழமை. மூன்றிலிருந்து நாலரை வரை ராகுகாலம். ஐந்து மணிக்குப் பக்கம் மூடிவிடும். அம்மா இரண்டு தடவை போன் செய்தாள். "ஏலே, நாலரை கழியட்டும். அரை மணி நேரம் கிடக்குல்லா?" இதையே ஊரில் எத்தனை அம்மாக்கள் சொன்னார்களோ, நாலரைக்கு எல்லோரும் ஒன்றாக ஏறியதில் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது.

வந்திருந்தவர்களை முடித்து அனுப்பிவிட்டு, அக்காவின் வரிசையை எக்செல்லில் சரிபார்த்தேன். 'திருமண நிலை' என்ற கட்டத்தை நான் காலியாகவே விட்டிருந்தேன். என் கையால் அந்த வார்த்தையை அடிக்க முடியவில்லை. அவளே பார்த்துத் தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன்.

பக்கம் ஒருவழியாகத் திறந்தது. ஸ்கிரிப்ட் ஓடியது. எல்லாப் பெட்டிகளும் நிரம்பின, அந்தப் பெட்டியும்கூட. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல்யாணமான பெண்களில் பாதிப் பேர் அந்த விவரத்தை எழுதித் தர மறந்துவிடுவார்கள் என்று, ஆறு மாதத்துக்கு முன் நானே ஒரு வரி சேர்த்திருந்தேன். கட்டம் காலியாக இருந்து, கணவர் பெயர் இருந்தால், 'திருமணமானவர்' என்று போட்டுவிடு.

திரையில் 'திருமணமானவர்' என்று இருந்தது. அதற்குக் கீழே அத்தானின் பெயர். வயதுக்குப் பக்கத்தில் சிவப்பாக, வயது வரம்பைக் கடந்துவிட்டீர்கள் என்று ஒரு வரி.

அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி நாலே முக்கால். "அக்கா, தப்பா விழுந்துட்டு, நான் மாத்துதேன்" என்றேன். அவள் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். ஒரு நிமிஷம் இருக்கும்.

பிறகு, "தள்ளுலே" என்றாள்.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அந்தப் பெட்டியைத் திறந்து, பட்டியலில் கீழே இறங்கி, நான் அடிக்கப் பயந்த வார்த்தையைத் தேர்ந்தெடுத்தாள். சிவப்பு வரி போய், சான்றிதழ் எண் கேட்டு ஒரு புதுப் பெட்டி வந்தது. கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். உள்ளே சான்றிதழ்.

"எப்பக்கா வாங்கின?"

"போன மாசம். தாலுகா ஆபீசுக்கு நாலு தடவ நடந்தேன்."

அந்த நாலு தடவையும் பல்வலி, ஆஸ்பத்திரி என்று சொல்லித்தான் போயிருந்தாள். நானும் நம்பியிருந்தேன். அவள் எண்ணைத் தன் வழக்கமான குத்தலோடு அடித்து, பொத்தானை அமுக்கினாள். சுற்றிச் சுற்றி, ஐந்து மணிக்குச் சற்று முன் விண்ணப்ப எண் வந்தது.

அக்காவுக்கு வேலை கிடைத்தது. இப்போது காலை ரயிலில் அம்பாசமுத்திரம் ஆபீசுக்குப் போய் வருகிறாள். எல்லோரும் போனிலேயே நிரப்பிக்கொள்ளத் தொடங்கியதும் நான் கடையை மூடிவிட்டேன். ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே ஸ்கிரிப்ட் எழுதுகிறேன். சம்பளம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜன்னலோரம் அந்தக் குத்தல் சத்தமும், நாலரைக்காக டீ டம்ளரோடு காத்திருந்த கூட்டமும் இல்லாமல் எனக்கு வேலை செய்வதாகவே தோன்றுவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். பழைய பேச்சு வந்தது. "அக்கா, ஸ்கிரிப்ட்ல இருந்த அந்த வரிய அன்னைக்கே அழிச்சுட்டேன், தெரியுமா?" என்றேன். இத்தனை வருஷம் கேட்காமல் வைத்திருந்த மன்னிப்பு அது.

"ஏம்லே அழிச்ச?" என்றாள். "அவுக பேரும், மேல திருமணமானவர்ங்கிற வார்த்தையும் சேந்தாப்ல பாத்தப்போ, அப்படியே அமுக்கிருவமான்னு இருந்துச்சு."

"வேலை போயிருக்கும்லா?"

"போயிருக்கும்" என்றாள். புளித்தண்ணீரை வடிகட்டிவிட்டுச் சக்கையைப் பிழிந்தாள். "அந்த ஒரு நிமிசம் எனக்கு வேலை ஞாபகமே இல்லலே."