வேலி தாண்டி வந்த கஞ்சி

திருவிதாங்கூரோடு இருப்பதா, தமிழ்நாட்டோடு சேர்வதா என்று ஊரே எல்லையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலம். எங்கள் வீட்டுக்கு எல்லைத் தகராறு புதிதில்லை. அம்மாவுக்கும் அடுத்த வீட்டு அத்தைக்கும் வேலிச் சண்டை நான் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

நாகர்கோவிலில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த எனக்கு அப்போது கதைக் கிறுக்கு. என் முதல் கதையில் பொல்லாதவள் அந்த அத்தைதான். கல்நெஞ்சக்காரி, ஈவிரக்கம் இல்லாதவள் என்று ஒரு பக்கம் முழுக்க வர்ணித்திருந்தேன். அவள் வாயைத் திறக்க மட்டும் இடம் கொடுக்கவில்லை.

கதை பாதியில் நிற்கும்போது அப்பா இறந்துபோனார். சாவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அக்கம்பக்கத்தார்தான் கஞ்சி கொண்டுவருவார்கள். யார் கொண்டுவந்தும், எவ்வளவு கெஞ்சியும் அம்மா ஒரு மிடறு குடிக்கவில்லை. மறுநாளும் சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். இவளும் போய்விடுவாளோ என்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அப்போதுதான் அத்தை ஒரு செம்பில் கஞ்சியோடு உள்ளே வந்தாள். கூடியிருந்த பெண்கள் விலகி வழி விட்டார்கள்.

"ஏட்டி, கஞ்சி குடிக்காம கெடந்து சாவப் போறியா? நல்லதாப் போச்சு. நாளைக்கே வேலிய நாலடி உள்ள தள்ளிக் கெட்டிருவேன். கேக்கதுக்கு ஆரு இருக்கா?"

அம்மா விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"நான் உசிரோட இருக்கும்போ ஒரு கம்ப அசைச்சிருவியாட்டி நீ?"

"அதத் தடுக்கதுக்குத் தெம்பு வேண்டாமாட்டி? இந்தா, குடி."

அம்மா குடித்தாள். தொட்டுக்கொள்ள, கொள்ளை வறுத்து அரைத்த, அவளுக்கு உயிரான காணத் துவையல். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே அத்தை இதையும் தெரிந்துவைத்திருந்திருக்கிறாள்.

வர்ணனைப் பக்கத்தை அப்படியே அடித்துவிட்டேன். அவள் சொன்னதையும் செய்ததையும் மட்டும் எழுதினேன். நல்லவளா கெட்டவளா என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இன்று என்னையும் நாலு பேர் எழுத்தாளன் என்கிறார்கள் என்றால், அந்தக் கஞ்சிச் செம்பைத்தான் நான் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

பதினாறு கழியும்வரை அத்தை தினமும் வந்துபோனாள். பதினேழாம் நாள் காலை வேலியோரம் ஒரே சத்தம். சாய்ந்த கம்பு யாருடையது என்று சண்டை. அம்மாவின் குரல் பழையபடி தெருக்கோடி வரைக்கும் கேட்டது. நான் உள்ளே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டே சந்தோஷத்தில் அழுதேன்.