பழம் விழுந்தால் முயல் வரும்

அந்த வீடியோ கேம் பெட்டியில் இரண்டு பொத்தான்கள் உண்டு. வலப்பக்கப் பொத்தான் தேய்ந்து வெளுத்துப்போயிருக்கிறது. இடப்பக்கப் பொத்தான் இன்றைக்கும் கடையில் வாங்கியது மாதிரி பளபளவென்று இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் சாமான் அது. சின்னக் கண்ணாடித் திரையில் ஒரு மரம், மரத்தில் இரண்டு குரங்குகள், கீழே கூடை ஏந்திய ஒரு மனிதன். குரங்குகள் போடுகிற பழங்களை அவன் இடமும் வலமும் ஓடிப் பிடிக்க வேண்டும். பிடிக்காமல் விட்டால் புதரிலிருந்து ஒரு முயல் வந்து பழத்தை இழுத்துக்கொண்டு ஓடும். மூன்று முறை முயல் வந்தால் ஆட்டம் முடிந்தது. என் அண்ணி ஆடியபோது முயல் வராத ஆட்டம் ஒன்றை நான் பார்த்ததில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. நமுனுகுல மலைச்சரிவில் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அண்ணி கொழுந்து பறித்தாள். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவில் எனக்கு வேலை. அண்ணியின் தங்கை குவைத்தில் வீட்டுவேலைக்குப் போயிருந்தாள். அந்த வீட்டுப் பிள்ளை சலித்துப்போய்த் தூக்கி எறிந்த இந்தப் பெட்டியை அவள் பொறுக்கி வைத்திருந்து, லீவில் வந்தபோது அக்காவுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அப்படி ஒன்றை அதுவரை யாரும் கண்டதில்லை.

அண்ணிக்கு விளையாட வரவில்லை. கொஞ்சம்கூட வரவில்லை. இடப்பக்கம் விழும் பழத்துக்கும் வலப்பக்கப் பொத்தானையே அமுக்குவாள். கூடைக்காரன் வலது மூலையில் போய் நின்றுகொண்டிருப்பான், பழம் இந்தப் பக்கம் விழுந்து கிடக்கும். "வந்துட்டான் பாரு கள்ளப்பய, எப்பிடி ஓடுறான்" என்று முயலைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரிப்பாள். உடனே மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவாள். அடுப்பில் சோறு பொங்கி வழியும். அவளை நான் அப்படிச் சிரித்துப் பார்த்தது அந்தப் பெட்டியோடு மட்டும்தான்.

அதைப் பார்த்துக்கொண்டிருக்க லயத்துக்குப் பொறுக்கவில்லை. "கொழுந்து எடுக்க ரெண்டு கையும் பறக்குது, இதுக்கு ஒரு கைதான் இருக்கா?" என்றார்கள். "தெரியாட்டி ஏன் வெளையாடுற, தெரிஞ்சவங்ககிட்ட குடுத்துப் பாக்குறதுதானே" என்றார்கள். எனக்கு அன்றைக்கும் பற்றிக்கொண்டு வந்தது, இன்றைக்கும் வருகிறது. விடியுமுன் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் போய் நின்று, நாள் முழுக்க மலையேறி, பறித்த கொழுந்தைத் தராசில் போட்டு, குறைந்தால் கணக்கப்பிள்ளை முழுப்பேர் போடாமல் அரைப்பேர் போட, பாதிச் சம்பளம் வாங்குகிற பிழைப்பு எங்களுடையது. அண்ணிக்கு ஒருநாளும் அரைப்பேர் விழுந்ததில்லை. அவள் குழம்பு வைத்தால் ருசி, வீடு மெழுகினால் கண்ணாடி. செய்வதையெல்லாம் சரியாகச் செய்த ஒருத்தி ஒன்றே ஒன்றை மட்டும் தப்பும் தவறுமாகச் செய்து சந்தோஷப்பட்டாள். அதில் இவர்களுக்கு என்ன நட்டம்?

படித்த ஒருவரிடம் பின்னாளில் இதைச் சொன்னேன். கூடையோடு அலைகிற மனிதனில் அண்ணி தன்னைக் கண்டிருப்பாள், தப்பித்து ஓடும் முயலில் தன் ஆசையைக் கண்டிருப்பாள் என்று அவர் விளக்கம் கொடுத்தார். ஒரு மண்ணும் இல்லை. அவளுக்கு அது பிடித்திருந்தது, அவ்வளவுதான். தோட்டத்துப் பெண் ஒரு விளையாட்டை ரசித்தால்கூட அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்தால்தான் இவர்களுக்குத் தூக்கம் வரும் போலிருக்கிறது.

நாங்கள் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பரா மழைக்கு ஒழுகும். லயத்தின் கோடியில் காலியான தொங்கல் காம்பராவை எப்படியாவது வாங்கிவிட வேண்டும் என்று அண்ணன் கணக்கப்பிள்ளையின் பின்னால் அலைந்துகொண்டிருந்தான். கணக்கப்பிள்ளை தோட்டத்துத் துரையிடம் ஒரு வார்த்தை சொன்னால் காரியம் நடக்கும். விடுதியில் தங்கிப் படித்த அவருடைய மகன் லீவுக்கு வந்திருந்தபோது இந்தப் பெட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டு ஆசைப்பட்டானாம். அண்ணி பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் அண்ணன் அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். காம்பரா வேண்டும் என்று கொடுத்திருந்தால் அதையாவது வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். குடத்தோடு வந்து நின்றவளிடம், "நல்லா வெளையாடுற கையில இருந்தாத்தான் சாமானுக்கு மதிப்பு. ஒனக்குத்தான் வரலையே" என்றான். அண்ணி குடத்தை இறக்கி வைத்துவிட்டு அடுப்பை ஊதப் போனாள். நான் அண்ணனோடு சண்டை போட்டேன், பல நாள் பேசவில்லை. அவனுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. தொங்கல் காம்பராவும் வேறு யாருக்கோ போயிற்று.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கணக்கப்பிள்ளை வீட்டு விறகுக் கொட்டிலைச் சுத்தம் செய்ய அண்ணியையும் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். விறகுக்கு அடியில், எலிப் புழுக்கையோடு அந்தப் பெட்டி கிடந்தது. அண்ணி அதை முந்தானையால் துடைத்தாள். அந்தப் பையன் மறுபடியும் லீவில் வந்திருந்தான். இது ஏன் இங்கே கிடக்கிறது, எடுத்துக்கொள்ளலாமா என்று நான்தான் அவனிடம் கேட்டேன். "அது முடிஞ்சுபோச்சுங்க. நம்பர் முழுசா ஏறி மறுபடி சைபருக்கு வந்துருச்சு. இனி அதுல என்ன இருக்கு? கொண்டுபோங்க" என்றான். ஒரே லீவில் ஜெயித்து முடித்து, விறகுக்குள் எறிந்திருக்கிறான். இவனிடம் இருந்தால்தான் மதிப்பாம்.

மறுவாரம் பதுளைக்குப் போய் மணிக்கூடு திருத்தும் முஸ்லிம் நானாவின் கடையில் பொத்தான் பாட்டரி போட்டுக்கொண்டு வந்தேன். யார் விளையாடுவது என்று நானா கேட்டார். அண்ணி என்றேன். "நல்லா வெளையாடச் சொல்லுங்க தங்கச்சி" என்றார், வேறொன்றும் கேட்கவில்லை. அன்று மாலை அண்ணன் எதிரிலேயே அண்ணி அதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதே வலப்பக்கப் பொத்தான், அதே சிரிப்பு. கொஞ்ச நேரம் பார்த்த அண்ணன், "எத்தன தடவ விடுவ, குடு, நான் காட்டுறேன்" என்று கையை நீட்டினான். அண்ணி நிமிரவில்லை. "வேணாங்க. இதுலயாச்சும் எனக்கு யாரும் பேர் போட வேணாம்" என்றாள். அண்ணன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு வெளியே போனான். அதற்குப் பிறகு அவன் அந்தப் பெட்டியைத் தொட்டதில்லை.

அண்ணி இப்போது இல்லை. பெட்டி என்னிடம் இருக்கிறது, அவள் மகனுக்கு விவரம் தெரியுமுன்பே ஓய்ந்துபோனது. போன தீபாவளிக்கு அவளுடைய மகன் கொழும்பிலிருந்து வந்தான். போன் கடையில் வேலை செய்கிறவன், பாட்டரி தேடிக் கொண்டுவந்திருந்தான். போட்டதும் குரங்குகள் ஆடத் தொடங்கின. அவன் கேட்ட முதல் கேள்வி, "அம்மா எவ்வளவு ஸ்கோர் எடுப்பாங்க அத்தை?" பெற்ற மகன். அவனுக்கும் அதுதான் கேட்கத் தோன்றியது.

எனக்குத் தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது. நானும் பார்த்ததில்லை, அவளும் பார்த்ததில்லை. அவன் விளையாட ஆரம்பித்தான். இரண்டு கட்டைவிரலும் பறந்தன. ஒரு பழத்தைக்கூட விடவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். எண்கள் ஏறிக்கொண்டே போயின, புதர் அசையவே இல்லை. "அம்மா சும்மா எதுக்கோ சிரிப்பாங்கன்னு சொன்னீங்களே அத்தை, இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்று கேட்டான்.

கையிலிருந்து பிடுங்கினேன். "பேசாம பாரு" என்று சொல்லி, இடப்பக்கம் விழுந்த பழத்துக்கு வலப்பக்கப் பொத்தானை அமுக்கினேன்.