உரக்கடைக்காரர் பிடித்த கொடும்பாளூர் வெயில்

அன்னவாசல் கடைத்தெருவில் உரக்கடை வைத்திருக்கும் குணசேகரனுக்கு உலகத்தில் யாரையுமே பிடிக்காது என்று சொல்லிவிட முடியாது. செல்போனில் படம் எடுப்பவர்களை மட்டும்தான் பிடிக்காது. அதாவது, எல்லோரையும்.

யூரியா வாங்க வந்தவர் ஒருவர், மழையில் நிறைந்த கண்மாயைப் போனில் பிடித்து ஆசையாகக் காட்டினார். "இது கண்மாயா, பச்சப் பெயின்ட்டு டப்பாவா?" என்று கேட்டார் குணசேகரன். அந்த ஆள் அதற்குப் பிறகு இலுப்பூரில் உரம் வாங்குகிறார். மைத்துனர் வீட்டுக் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "ஆகாசம் இம்புட்டு நீலமா எந்த ஊருல இருக்கு?" என்று சபையில் கேட்டார். அன்றைக்குப் பந்தியில் அவர் இலைக்கு மட்டும் பாயசம் வரவில்லை.

அவருக்குப் பைத்தியம் புதிதல்ல. இப்போது கேமரா. அதற்கு முன்னால் ஹோமியோபதி. வந்தவர் போனவர் நாக்கிலெல்லாம் சர்க்கரை உருண்டை போட்டுப் பார்த்தார். அதற்கும் முன்னால் காடை வளர்ப்பு. எந்தப் பைத்தியமானாலும் நடப்பு ஒன்றுதான். கொஞ்ச நாள் படிப்பார். பிறகு அந்த விஷயத்தில் ஊரில் மற்ற எல்லோரும் முட்டாள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அது தெரிந்தபின் படிப்பதை நிறுத்திவிடுவார்.

இந்தத் தடவை பழைய பிலிம். காரைக்குடியில் மூடப்பட்ட ஒரு ஸ்டூடியோவிலிருந்து, தேதி முடிந்து பதினைந்து வருடம் ஆன கலர் பிலிம் சுருள்களை ஓர் அட்டைப்பெட்டி நிறைய வாங்கி வந்தார். அவை வெயில் படக்கூடாது, சூடு படக்கூடாது என்று வீட்டு பிரிட்ஜின் கீழ்த்தட்டில் குடியேறின. அங்கே குடியிருந்த கத்தரிக்காயும் கருவேப்பிலையும் வெளியே வந்து வாடின. மனைவி சுகுணா மாவுச் சட்டியை எடுக்கப் பிரிட்ஜைத் திறந்தால், "சும்மா சும்மா தொறக்காத, கலர் போயிரும்" என்று திண்ணையிலிருந்து ஒரு சத்தம் வரும். மனிதர் காட்டுக்கும் கண்மாய்க்கும் அலைந்துகொண்டிருக்க, கடையைப் பார்த்துக்கொண்டது சுகுணா. அதைப் பற்றிக் குணசேகரன் எங்கேயும் பேசியதில்லை. பேசுவதற்கு அதில் என்ன இருக்கிறது என்பது அவர் எண்ணம்.

அவரைப் போலவே அலைகிறவர்கள் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருந்தார்கள். பெயர் 'பழம்பிலிம் நண்பர்கள்'. திருச்சியில் கல்லூரி வாத்தியாராக இருக்கும் பிராங்க்ளின் அதற்குத் தலைவர். குழுவுக்கு இருந்தது ஒரே சட்டம்: பிலிமில் எது விழுந்ததோ அதுதான் படம், கம்ப்யூட்டரில் வைத்து நிறத்தைத் தொடக் கூடாது. தொட்டவர் வெளியே போக வேண்டியதுதான்.

கேட்பதற்குக் கம்பீரமான சட்டம். தொல்லை என்னவென்றால், தேதி முடிந்த பிலிமுக்கு வெளிச்சத்தை வாங்கும் சக்தி குறைந்துபோயிருக்கும். மரத்து நிழலெல்லாம் கத்தரிப்பூ நிறத்தில் விழும். பச்சை வயல் சாம்பல் பூத்திருக்கும். புதுக்கோட்டைச் செம்மண், பழைய சாக்குப் பை மாதிரி வரும். குழுவில் தினமும் இப்படிப்பட்ட படங்களைப் போட்டு, "அற்புதம் தோழர்", "என்ன ஒரு மென்மை" என்று ஒருவருக்கொருவர் பூசி மெழுகிக்கொண்டிருந்தார்கள். வயிற்றுப்போக்கு வந்தவனைப் பார்த்து இளைத்து அழகாகிவிட்டாய் என்று சொல்வதுபோல்தான் அது. குணசேகரனும் அப்படிப்பட்ட படங்களைத்தான் போட்டார். அவருக்கு மட்டும் யாரும் அற்புதம் சொல்லவில்லை. மற்றவர்கள் படத்தை அவர் பேசிய பேச்சு அப்படி.

போன வருடம் சரஸ்வதி பூசைக்கு மறுநாள் கடைக்கு லீவு. விடிவதற்கு முன்பே கேமராவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் இலுப்பூர், விராலிமலை வழியாகக் கொடும்பாளூர் போனார். மூவர் கோயிலுக்குப் பின்னால் உழுதுபோட்ட செம்மண் வயல், வரப்பில் நாலைந்து பனை, அதற்கப்பால் கண்மாய்த் தண்ணீர். சூரியனை முதுகில் வாங்கிக்கொண்டு ஒரு சுருள் முழுக்க எடுத்தார். திரும்பும் வழியில் தூறல் பிடித்துக்கொண்டது. ஒரு டீக்கடையில் ஒதுங்கி, நனைந்த கேமராவைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தார். கைக்குட்டையில் மஞ்சளாக ஏதோ ஒட்டியது. ரோட்டுப் புழுதி என்று உதறிவிட்டார்.

சென்னையில் ஒரு லேபில் கழுவி, ஸ்கேன் செய்து அனுப்பிய படத்தைப் பார்த்தபோது அவருக்கே தலைகால் புரியவில்லை. நிழலில் கத்தரிப்பூவைக் காணோம். செம்மண் செம்மண்ணாக, அன்றுதான் உழுததுபோல் கிடந்தது. பனையோலை ஒவ்வொன்றும் பச்சையாகத் தெரிந்தது. படம் முழுக்க ஓர் இளமஞ்சள் வெயில், கொஞ்சம் கசிந்த மாதிரி, பரவிக் கிடந்தது. தேதி முடிந்து பதினைந்து வருடமான பிலிமில் இப்படி ஒரு காலையைக் குழுவில் யாரும் பார்த்ததில்லை.

குழு ஆடிப்போனது. பிராங்க்ளினே கூப்பிட்டு, "எப்படி சார் இந்த கலரு?" என்று கேட்டார். இவ்வளவு நாளும் அந்தக் கேள்விக்காகவே கடை திறந்து வைத்திருந்தவர் போலக் குணசேகரன் சொற்பொழிவைத் தொடங்கினார். பத்து வருடப் பழசுக்கு ஒரு பங்கு வெளிச்சம் கூடக் கொடுக்க வேண்டும். நிழலைப் பார்த்து அளக்க வேண்டும். சூரியன் பனை உயரத்தைத் தாண்டுவதற்குள் மூடிவிட வேண்டும். "கண்ணு வேணும் சார். கேமரா எல்லாங் கெடக்கு" என்று முடித்தார். இதையே குரல் செய்தியாக, கட்டுரையாக, கேள்வி பதிலாகச் சுற்றிச் சுற்றி விட்டார். நடுவில் ஆயுத பூசையைப் பற்றியும் ஒரு குத்து: "நம்ம ஆளுக எந்திரத்தப் புரிஞ்சுக்க மாட்டாய்ங்க. சந்தனத்தப் பூசிக் கும்புட்டுட்டுப் போயிருவாய்ங்க." அதற்கு மட்டும் குழுவில் நாற்பது கைதட்டல்.

அவர் சொன்னபடியே எல்லோரும் செய்தார்கள். எல்லோருக்கும் கத்தரிப்பூதான் பூத்தது. குணசேகரன் அவர்களைக் கையாலாகாதவர்கள் என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைப்பதில் சின்னச் சிக்கல் ஒன்று இருந்தது. அவருக்கும் அதற்குப் பிறகு கத்தரிப்பூதான். சித்தன்னவாசல் பாறையில் எடுத்தார், நார்த்தாமலையில் எடுத்தார், கொடும்பாளூருக்கே மறுபடி மறுபடி போனார். லேப்காரனைத் திட்டினார். கரண்ட்டைத் திட்டினார். கடைசியில், பிரிட்ஜைத் திறந்த சுகுணாவைத் திட்டினார். குழுவில் புதுப்படம் எதையும் போடாமல், பழைய படத்தை வைத்தே பெரிய மனிதராக ஓட்டிக்கொண்டிருந்தார்.

இந்த வருடம் பழம்பிலிம் நண்பர்கள் திருச்சியில் ஒரு மண்டபம் பிடித்துக் கண்காட்சி வைக்கத் தீர்மானித்தார்கள். வாசலை ஒட்டி முதல் படமாகக் குணசேகரனின் கொடும்பாளூர். ஐம்பத்து மூன்று வயது வரையில் அவர் பெயர் உர மூட்டை பில்லிலும் ரேஷன் கார்டிலும் தவிர எங்கேயும் அச்சானதில்லை. அழைப்பிதழில் பார்த்ததும் கடையில் ஒட்டினார். வீட்டில் ஒட்டினார். பூச்சிமருந்து அலமாரிக் கண்ணாடியிலும் ஒட்டினார். அந்தப் படம் வாசலில் தொங்க வேண்டும், அதன் கீழே தான் நிற்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு நினைப்பே இல்லாமல் போனது.

அப்போதுதான் குழுவில் இருந்த நிலவழகன் என்பவர் வாயைத் திறந்தார். "ஒரு சுருள்ல மட்டும் வந்த கலரு, அடுத்த சுருள்ல ஏன் வரல? கம்ப்யூட்டர்ல கை வச்சிருக்காரு" என்று எழுதினார். குணசேகரன் அவரை உண்டு இல்லை என்று ஆக்கினார். ஆனால் பதில் மட்டும் சொல்லவில்லை. இருந்தால்தானே சொல்ல.

சரஸ்வதி பூசை வந்தது. கடையில் தராசு, பில் மிஷின், ஷட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து முடித்துவிட்டு, சுகுணா வீட்டுக்கு வந்து கேமராவை எடுத்தாள். அந்த நேரம் பார்த்துக் குணசேகரன் உள்ளே நுழைந்தார். அவள் மஞ்சள்தூள் கலந்து குழைத்த சந்தனத்தை விரலில் தொட்டு, லென்சுக்கு முன்னால் மாட்டியிருந்த கண்ணாடியின் நட்ட நடுவில் வைத்தாள். அதன் மேல் குங்குமம் வைத்தாள். கண்ணை மூடிக் கும்பிட்டாள். பிறகு முந்தானையால் கண்ணாடியை ஒரு சுற்றுச் சுற்றித் துடைத்தாள். பொட்டு போய்விட்டது. கண்ணாடி முழுக்க மெல்லிய மஞ்சள் நின்றது.

"அடியே, என்ன பண்ற? அதுல போயி..." என்று பாய்ந்தவர் பாதியில் நின்றார்.

"வண்டிக்கு ஹெட்லைட்டுல வைக்கல? அது மாதிரிதான். ஒங்களுக்கு மறைக்குமேன்னு தொடச்சும் விட்டுர்றேன்ல" என்றாள் சுகுணா.

"போன வருசமும் இப்புடித்தான் தொடச்சியா?"

"ஆமா. ஏன், எதுவும் கெட்டுப்போச்சா?"

அவர் கேமராவைத் தூக்கி அந்தக் கண்ணாடியை வெளிச்சத்தில் பார்த்தார். போன வருடம் இருட்டில் எடுத்துக்கொண்டு கிளம்பினார். வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டுக்கொள்ளக் கௌரவம் இடம் கொடுக்காத கண்ணுக்கு அது தெரியவில்லை. பிலிமில் ஏறியிருந்த கத்தரிப்பூவை இந்த மஞ்சள் அடித்துவிட்டது. மிச்சம் நின்றதுதான் அந்த வெயில். டீக்கடையில் கைக்குட்டையால் துடைத்ததோடு அது போய்விட்டது. அளவும் இல்லை, பங்கும் இல்லை, கண்ணும் இல்லை. மறுநாள் காலை, மஞ்சள் போகத் துடைக்காத கேமராவோடு கொடும்பாளூர் போய் அதே வரப்பில் நின்று எடுத்தார். கழுவி வந்த படத்தில் அதே செம்மண், அதே வெயில். கடையில் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த சுகுணா, "இது அந்தப் படம் மாதிரியே இருக்கே" என்றாள். அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். அவள் பூச்சிமருந்து டப்பாவை எடுக்கப் போய்விட்டாள்.

கண்காட்சிக்கு அவளும் கூட வந்தாள். பட்டுப்புடவை கட்டியிருந்தாள். வாசலில் பெரிதாகத் தொங்கிய படத்தைப் பார்த்ததும், "நம்ம கொடும்பாளூரா இது!" என்று அவள் முகமெல்லாம் சிரிப்பு. குணசேகரன் படத்துக்குக் கீழே நின்றார். வருடம் முழுக்க ஆசைப்பட்ட இடம்.

பிராங்க்ளின் அவரை ஓரமாகக் கூப்பிட்டார். நிலவழகனும் கூட நின்றார். சுகுணா இரண்டடி தள்ளி நின்றாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. பத்துப் பேரு கேக்குறாங்க. நீங்க நிஜமா எப்படிச் செஞ்சீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சுது. படம் இங்கேயேதான் இருக்கும்" என்றார் பிராங்க்ளின்.

சட்டைப் பையில் கழுவி வந்த புதுச் சுருள் இருந்தது. எடுத்துக் காட்டி, நடந்ததைச் சொன்னால் போதும். சட்டத்தை அவர் மீறவே இல்லை. நிறம் பிலிமில்தான் விழுந்தது. யார் வேண்டுமானாலும் சந்தனம் தடவிப் பார்த்துக்கொள்ளலாம்.

சொன்னால் என்ன நடக்கும் என்பதைக் குணசேகரன் ஒரு நொடியில் பார்த்துவிட்டார். யாரும் அவரைக் கேலி செய்யப்போவதில்லை. அதைவிட மோசம். எல்லாத் தலையும் சுகுணா பக்கம் திரும்பும். "மேடம், நீங்களா!" என்று பிராங்க்ளின் கையெடுத்துக் கும்பிடுவார். படத்துக்குக் கீழே அவளை நிறுத்திப் படம் எடுப்பார்கள். மாவுச் சட்டிக்காகப் பிரிட்ஜைத் திறந்து திட்டு வாங்கியவளை. எந்திரம் புரியாத கூட்டத்தில் ஒருத்தியை. கம்ப்யூட்டர் என்றால் அது திருட்டுத்தான். ஆனால் அவர் கையால் செய்த திருட்டு.

"கம்ப்யூட்டர்லதான்... லேசாத் தொட்டேன்" என்றார்.

நிலவழகன் முகத்தில் வெற்றிகூட இல்லை. அசிங்கத்தை மிதித்தவர் போல நகர்ந்து போனார். "சொல்லியிருக்கலாம் சார்" என்றார் பிராங்க்ளின். ஸ்டூல் போட்டு ஏறிப் படத்தைக் கழற்றி, காகிதம்கூடச் சுற்றாமல் அவர் கையில் கொடுத்தார்கள். அவர் பஸ் ஸ்டாண்டு போய்ச் சேருவதற்குள் குழுவிலிருந்தும் நீக்கிவிட்டார்கள்.

பஸ் விராலிமலை தாண்டியது. படத்தின் சட்டம் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது. கண்டக்டர் வந்து போன பிறகு, சுகுணா யாரையோ பற்றிக் கேட்பதுபோல் கேட்டாள்.

"நான் தொடச்சதாலதான அந்தக் கலரு வந்துச்சு?"

குணசேகரன் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"கடையில புதுப் படத்தப் பாத்த அன்னைக்கே தெரியும். நீங்களா சொல்லுவீங்கன்னுதான் பொடவ கட்டிக்கிட்டு வந்தேன்" என்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "திருட்டுப்பயன்னு பேரு வாங்குனாலும் வாங்குவீங்க. பொண்டாட்டியாலன்னு ஒரு பேரு மட்டும் வாங்கிரக் கூடாது. அப்புடித்தானே?"