மார்லிஸின் ஜூலை மாதக் கிறிஸ்துமஸ்

மார்லிஸ் ஹாகன் இருபத்தாறு வருடங்களில் இருபத்தாறு கிறிஸ்துமஸ் விருந்துகளுக்கு ஏற்பாடு செய்தாள். ஒன்றுகூட உருப்படியாக நடக்கவில்லை. அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை. பனி அள்ளும் லாரி ஓட்டுகிறவர்களுக்கு டிசம்பரில் விருந்து வைக்கலாம் என்று எந்தப் புண்ணியவான் முதலில் நினைத்தானோ, அவனைத்தான் உதைக்க வேண்டும்.

நான் ஒன்பதாம் நம்பர் லாரி ஓட்டுகிறவன். பெயர் வெண்டல். குளிர்காலத்தில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை, 'ஒன்பது' என்றுதான் கூப்பிடுவார்கள். வடக்கு மினசோட்டாவில் எங்கள் வட்டாரத்துக்கு மொத்தம் பதினொரு லாரிகள், மூன்று கொட்டகைகள், இரண்டு ஷிப்டு. நவம்பர் முதல் ஏப்ரல் வரை யாராவது ஒருவர் சாலையில் இருந்துகொண்டேதான் இருப்போம். ஒருவர் முகத்தை மற்றவர் பார்ப்பது அபூர்வம். வயர்லெஸ்ஸில் குரல் கேட்கும், பேசி முடித்ததற்கு அடையாளமாக ஒரு 'ஓவர்' கேட்கும், அவ்வளவுதான். அந்தக் குரல்களுக்கெல்லாம் நடுவில், தலைமைக் கொட்டகையின் கண்ணாடி அறையில், மைக்கும் கையுமாக உட்கார்ந்திருந்தவள் மார்லிஸ்.

மாட்டுப் பண்ணையில் பிறந்தவள். எட்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி, முழங்கால் போனபின் இந்த நாற்காலிக்கு வந்தாள். எதிரே சுவரில் ஒரு பலகை. அதில் 'வெளியே', 'உள்ளே' என்று இரண்டு கட்டம், நம்பர் எழுதிய பதினொரு காந்த வில்லைகள். வயர்லெஸ்ஸில் யாராவது இருமினால் அது யாருடைய இருமல் என்று சொல்லிவிடுவாள். ஒரு பிப்ரவரியில் என் லாரி பள்ளத்தில் சாய்ந்து நான்கு மணி நேரம் கிடந்தேன். நான் தூங்கி விறைத்துவிடக் கூடாதென்று அவள் விதைக் கடைப் புத்தகத்தை எடுத்துத் தக்காளி வகைகளை ஒன்று விடாமல் வாசித்தாள்.

"தூங்கிட்டியா ஒன்பது? எழுபத்திரண்டாவது என்ன சொன்னேன்? திருப்பிச் சொல்லு. தப்பாச் சொன்னே, முதல்லேருந்து ஆரம்பிப்பேன். ஓவர்."

சரியாகச் சொன்னேன். உயிர் பிழைத்தது அந்தப் பயத்தில்தான்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை. பலகையில் பதினொரு வில்லையும் 'உள்ளே' பக்கம் வந்திருக்க வேண்டும். அந்தப் பதினொரு பேருக்கும் தன் கையால் ஒரு வேளை சாப்பாடு போட வேண்டும். டிசம்பரில் வைத்தாள், பனி கொட்டியது. நவம்பருக்கு மாற்றினாள், கொட்டியது. ஏப்ரலில் வைத்துப் பார்த்தாள், அதிகமாகக் கொட்டியது. ஒரு வருடம் கேக் மட்டும் எங்கள் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. எங்கள் ஊரில் கடைசித் துண்டை எடுத்தவன் என்று பெயர் வாங்க எவனுக்கும் தைரியம் கிடையாது. ஒருவன் அதைப் பாதியாக வெட்டுவான், அடுத்த ஷிப்டுக்காரன் அதில் பாதி. நான்காம் நாள் கடுகளவு ஒன்று தட்டில் காய்ந்து கிடந்தது. அதையும் வெட்டுவதற்குக் கத்தியோடு ஒருவன் நின்றான்.

போன வசந்தத்தில் எங்கள் மேலாளர் ராண்டி அவளிடம் விஷயத்தைச் சொன்னார். அக்டோபரிலிருந்து வயர்லெஸ் வேலை முழுவதும் இரண்டு மணி நேரத் தொலைவில் உள்ள பெரிய அலுவலகத்துக்குப் போகிறது. கண்ணாடி அறையை மூடுகிறார்கள். நாற்காலியும் இல்லை, மார்லிஸும் இல்லை.

"அப்ப விருந்தை ஜூலைல வெச்சுக்கிறேன்," என்றாள்.

"ஜூலைல கிறிஸ்துமஸா? கிறுக்குப் புடிச்சிருச்சா உனக்கு?"

"இருபத்தாறு வருஷமா பனிக்காலத்துல வெச்சேனே, அதுதான்யா கிறுக்கு."

ஜூலையில் பதினொரு லாரிகளும் பெயிண்ட் அடிக்கவும் பழுது பார்க்கவும் தலைமைக் கொட்டகை வளாகத்தில் வரிசையாக நிற்கும். ஓட்டுகிறவர்களைத்தான் பிடித்து வர வேண்டும். கூரை வேய்பவன், படகு பழுது பார்ப்பவன் என்று ஒவ்வொருவரையும் தொலைபேசியில் விரட்டினாள். என்ன கொண்டுவரட்டும் என்று எல்லோரும் கேட்டோம். "என்ன தோணுதோ கொண்டு வா," என்றாள். கொத்துக்கறிமேல் உருளைக்கிழங்கு உருண்டைகளை அடுக்கி அடுப்பில் வேகவைத்த அதே பதார்த்தம்தான் பதினொரு பேருக்கும் தோன்றியிருக்கிறது. மேசையில் பதினொரு தட்டுகளும் ஒரே நிறத்தில் ஆவி விட்டன.

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. கொட்டகைக்குள் கிறிஸ்துமஸ் மரம். உத்தரம் முழுக்கக் காகிதத்தில் வெட்டிய பனித்துகள்கள். ஒவ்வொருவனாக உள்ளே வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "இந்தச் சனியனை ஜூலைலயும் பாக்கணுமா?" என்று ஒருவன் முனகினான். நாலாம் நம்பர் டூயேன் சிவப்பு உடுப்பும் வெள்ளைத் தாடியும் மாட்டிக்கொண்டு கிறிஸ்துமஸ் தாத்தாவாக வியர்வையில் குளித்தான்.

உட்கார்ந்தோம்.  ஏழாம் நம்பரை அவன் குரலை வைத்து மலை மாதிரி ஆள் என்று பதினைந்து வருடமாக நினைத்திருந்தேன். அவன் தலை என் தோளுக்குக் கீழே இருந்தது. அவனும் என்னை ஏமாற்றத்தோடுதான் பார்த்தான்.

"வெயில் ஜாஸ்தி," என்றான் ஒருவன்.

"ஆமா," என்றான் இன்னொருவன். ஐந்து நிமிடம் கழித்து.

"அந்த உப்பைக் கொஞ்சம் குடு. ஓவர்," என்றான் மூன்றாம் நம்பர். யாரும் சிரிக்கவில்லை. "இந்தா. ஓவர்," என்று பக்கத்தில் இருந்தவன் கொடுத்தான்.

மார்லிஸ் எலுமிச்சை இனிப்புத் தட்டோடு கதவருகே நின்றாள். பன்னிரண்டு துண்டுகள், எங்களுக்குப் பதினொன்று, அவளுக்கு ஒன்று. "டிசம்பர்ல பனி கெடுத்துச்சு," என்றாள் தனக்குத்தானே. "இப்ப யாரைக் குத்தம் சொல்றது?"  ஏதாவது பேசேண்டா மடையா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். திட்டிவிட்டு, உருளைக்கிழங்கு உருண்டை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டேன்.

அந்த நேரம் டூயேன் உடுப்புச் சூடு தாங்காமல் எழுந்து வெளியே ஓடினான். சற்று நேரத்தில் கண்ணாடி அறையின் ஒலிபெருக்கி கரகரத்தது.

"நாலு பேசறேன். வண்டிக்குள்ள ஏசி போட்டு உக்காந்திருக்கேன். சொர்க்கம்! யாராச்சும் இருக்கீங்களா? ஓவர்."

பதினொரு தட்டுக்கு மேல் இருந்த பத்துத் தலைகளும் நிமிர்ந்தன. ஏழாம் நம்பர் தட்டை எடுத்துக்கொண்டு நைசாக நழுவினான். அடுத்தது நான். பத்து நிமிடத்தில் அத்தனை பேரும் அவரவர் லாரிக்குள் ஏறிவிட்டோம். ஏறியதுதான் தாமதம், வாய் ஓயவில்லை.

"ஏழு, நீ இத்தனூண்டு இருப்பேன்னு ஏன்டா சொல்லல? ஓவர்," என்றேன்.

"நீ கேட்டியா? உன் குரலைக் கேட்டு உனக்குத் தலைல முடி இருக்கும்னுல்ல நெனச்சேன். ஓவர்."

"மூணோட கொத்துக்கறில உப்பே இல்லப்பா. ஓவர்."

"அதுக்குத்தானேடா உப்புக் கேட்டேன்! ஓவர்."

காலியான கொட்டகையில் மார்லிஸ் தனியாக நிற்கிறாள் என்பது அப்புறம்தான் உறைத்தது. அவள் விறுவிறுவென்று கண்ணாடி அறைக்குள் போய் மைக்கைப் பிடுங்கினாள். செத்தோம் என்று எல்லோரும் வாயை மூடினோம்.

"எல்லா வண்டிக்கும். எங்க இருக்கீங்க, வரிசையாச் சொல்லுங்க. ஓவர்."

"ஒண்ணு. வளாகத்துல."

"ரெண்டு. வளாகத்துல."

பதினொன்று வரை சொன்னோம். என் லாரியிலிருந்து அவள் அறை நன்றாகத் தெரியும். ஒவ்வொரு குரலுக்கும் ஒரு வில்லையை 'உள்ளே' பக்கம் நகர்த்தினாள். கடைசி வில்லையை நகர்த்தியபின் உள்ளங்கையைப் பலகைமேல் வைத்து அப்படியே நின்றாள். எங்கள் வண்டிகள் பதினொன்றும் அவள் ஜன்னலிலிருந்து கல்லெறி தூரத்தில்தான் நின்றன. அதைப் பார்த்தாலே போதும். ஆனாலும் அவளுக்கு அதை எங்கள் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

பிறகு வெளியே வந்து, நொண்டும் காலோடு லாரி லாரியாக இனிப்புத் தட்டை நீட்டினாள். "பாவிங்களா," என்றாள் ஒவ்வொரு ஜன்னலிலும். கண் சிவந்திருந்தது, முகம் சிரித்தது. திரும்பிப் போய் மைக்கை எடுத்தாள்.

"தட்டுல ஒண்ணு மிச்சம். யாருக்கு? ஓவர்."

எல்லோரும் பொத்தானிலிருந்து விரலை எடுத்துக்கொண்டோம். கடைசித் துண்டு! அது அவள் பங்கு, அதையும் எங்களுக்கே தரப் பார்க்கிறாள். அவளும் எங்கள் ஊர்க்காரிதானே.

"வேணாமா? அப்ப பாதியா வெட்டறேன். ஓவர்."

நான் பொத்தானை அழுத்தினேன். "ஒன்பது பேசறேன். கத்தியைக் கீழ வை மார்லிஸ். அது உனக்கு. முழுசா. ஓவர்."

"நாலு. முழுசாச் சாப்பிடு. ஓவர்."

"ஏழு. வெட்டினே, முதல்லேருந்து ஆரம்பிப்போம். ஓவர்."

பதினொரு பேரும் சொன்னோம்.  அவள் மைக்கின் பொத்தானை அழுத்தியபடியே வைத்திருந்தாள். இருபத்தாறு வருடத்தில் ஒரு வார்த்தை பேசாமல் அவள் அதை அழுத்தியதே இல்லை. மெல்லும் சத்தம் பதினொரு லாரியிலும் கேட்டது, நடுவில் ஒருமுறை மூக்கை உறிஞ்சியதும் கேட்டது. அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை நாங்கள் காத்திருந்தோம்.